குழவிக்கு உடையாத வலைப்பக்கம்

என் தம்பி அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி என் கம்ப்யூட்டரின் மேல் போட்டபோது, நான் விளக்குமாற்றால் அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தேன். அது அவனுக்கு உறைக்கவே இல்லை. முதல் அடியில் பெட்டியின் தகரம் உள்ளே அமுங்கியது. அடுத்த அடியில் பக்கத் தகடு தெறித்துச் சமையல்கட்டு வாசல் வரை போய் விழுந்தது. அவன் விடவில்லை. குனிந்தான், குழவியை எடுத்தான், தூக்கினான், போட்டான்.

“இனி எப்படிப் போடுவ? என்ற மூஞ்சிய இனி எப்படிப் போடுவ?” ஒவ்வொரு அடிக்கும் இதையேதான் கேட்டான்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் சத்தம் கேட்டு ஓடிவந்து, பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தார். தம்பியின் முழங்கை அவர் வாயில் இடித்தது. வாயெல்லாம் இரத்தமாக அவர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. விளக்குமாற்றை எறிந்துவிட்டுப் பெட்டியின் மேல் பாய்ந்து கவிழ்ந்தேன். குழவி அதற்குள் அவன் கையை விட்டிருந்தது. அது என் வலது மணிக்கட்டில் விழுந்தபோது காய்ந்த சில்வர் ஓக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஒடிந்தது என் எலும்பு என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவன் என் கையைப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தான். பிறகு வெளியே போய் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவன் என்னை அடிக்க வரவில்லை. ஒரு வலைப்பக்கத்தை அடித்து நொறுக்க வந்தான். அது அந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி போனால் அதுவும் போய்விடும் என்று நினைத்தான். முட்டாள். ஆனால் அந்தப் பக்கத்தைச் செய்த நானும் அன்றைக்குப் பெரிய அறிவாளியாக இருக்கவில்லை.

ஏற்காட்டில் மஞ்சக்குட்டை போகிற ரோட்டில் எங்களுக்கு நான்கு அறைகள் இருக்கின்றன. வாசலில் லாட்ஜ் என்று போர்டு வைத்திருக்கிறோம். ஏரியிலிருந்து பார்த்தால் தெரியாது. சேலத்திலிருந்து வளைவுகளில் திரும்பித் திரும்பி மேலே வருகிற கார்கள் எல்லாம் ஏரி முனையில் ஒருமுறை நிற்கும். அங்கேதான் அறை பிடித்துத் தருகிற புரோக்கர்கள் பைக்கைச் சாய்த்து நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். கார் கண்ணாடி இறங்கினால் போதும், நான்கைந்து தலைகள் உள்ளே நுழையும். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. லாட்ஜ் வாசலுக்குக் காருக்கு முன்னால் எவன் பைக் வந்து நிற்கிறதோ, அந்தக் காரை அவன்தான் கொண்டுவந்தான் என்று கணக்கு. விருந்தாளி என்னிடம் நேராகப் போனில் பேசி அறை போட்டிருந்தாலும் சரி, வழி கேட்ட பாவத்துக்கு எவனாவது ஒருவன் பைக்கில் முன்னால் வந்து நின்று கமிஷனுக்குக் கை நீட்டுவான்.

நான் ஒரு நாள் முடியாது என்று சொல்லிவிட்டேன். “நானா கூப்புட்டு வந்த ஆளுக்கு நீ என்னடா கேக்கற?” என்று கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பஜாரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த காலத்திலேயே அப்படித்தான். அந்தக் கடையை மூடியபோது முதலாளி கழித்துவிட்ட கம்ப்யூட்டரைத்தான் வீட்டுக்குத் தூக்கிவந்திருந்தேன்.

அந்த வாரத்திலிருந்து என் அறைகள் காலியாகக் கிடந்தன. சனிக்கிழமை ஏரிக்கரையில் கார் நிறுத்த இடம் இருக்காது. என் வாசலில் நாய்தான் படுத்திருக்கும். காரணம் எனக்குப் புரியவில்லை. வருடா வருடம் வந்து தங்குகிற ஒரு குடும்பத்தினர் கடைவீதியில் என்னைப் பார்த்ததும் அதிர்ந்து போனார்கள். “லாட்ஜை மூடிட்டீங்கன்னு சொன்னாங்களே? அறைக்குள்ள பாம்பு பூந்து ஒரு ஆள் செத்துட்டாராமே?” என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். ஏரி முனையில், பச்சை ஜெர்கின் போட்டவர் என்றார்கள்.

பச்சை ஜெர்கின் நான் வாங்கிக் கொடுத்தது. போட்டிருந்தவன் என் தம்பி.

அவனும் புரோக்கர்தான். அம்மா அப்பா போன பிறகு அவனுக்கு இருந்தது நான் ஒருத்திதான். என் லாட்ஜுக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்று கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறார்கள், இவனும் தலையை ஆட்டியிருக்கிறான். நான் நேராக ஏரி முனைக்குப் போனேன். அவன் ஒரு கார் ஜன்னலில் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். காலரைப் பிடித்து இழுத்து, எல்லாரும் பார்க்க ஓங்கி ஓர் அறை விட்டேன். அவன் உதடு கிழிந்தது.

“ஏன்டா, பாம்பு எங்கடா பூந்துச்சு? என்ற ஊட்டுக்குள்ள பாம்பா? நீதான்டா பாம்பு!”

“அக்கா, எல்லாரும் சொல்லச் சொன்னாங்கக்கா. நான் மட்டும் சொல்லலீன்னா என்னைய இங்க நிக்க விடமாட்டாங்க.”

அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை என் வயிற்றெரிச்சலை அணைக்கவில்லை. இன்னொரு அறையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தக் கூட்டத்தின் தலைக்கு மேலாகவே விருந்தாளியிடம் பேச வேண்டும். கார் மலை ஏறுவதற்கு முன்னால், அவர்கள் வீட்டில் இருக்கும்போதே என் லாட்ஜ் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். அதற்கு ஒரு வலைப்பக்கம் வேண்டும். வேறு ஆளை வைத்துச் செய்ய வழியில்லை. இலவசமாகக் கிடைக்கிற எடிட்டர் மென்பொருள் எதையாவது பிடித்து நானே செய்வது என்று உட்கார்ந்தேன்.

இலவசம் என்கிற சொல்லை அந்த நாட்களில் நான் திட்டிய மாதிரி என் தம்பியைக்கூடத் திட்டியதில்லை.

முதலில் எடுத்தது நெட்டிலேயே வைத்து வேலை செய்கிற எடிட்டர். படத்தையும் எழுத்தையும் பிடித்து இழுத்து வைத்தால் போதும், பக்கம் தயார் என்றது. நான் இழுத்தேன். படம் ஓரிடத்துக்குப் போனது, எழுத்து வேறிடத்துக்கு ஓடியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மேலே பனிமூட்டம் இறங்கினால் எங்கள் பக்கம் டவர் எடுக்காது. மூட்டம் இறங்கும், நெட் போகும், அதுவரை நான் அடித்தது எல்லாம் போகும். திரும்பி வந்து பார்த்தால் ‘மீண்டும் முயலவும்’ என்று நிற்கும். இதற்கும் மேலாக, பக்கத்தின் தலையில் அந்த எடிட்டர் கம்பெனி தன் பெயரை ஒரு பட்டையாக ஒட்டியிருந்தது. என் லாட்ஜ் பெயரைவிட அது பெரிது. இலவசமாகச் செய்தால் அந்தப் பட்டையை எடுக்க முடியாதாம். என் வீட்டு வாசலில் எவனோ போர்டு மாட்டுவதா? தூக்கி எறிந்தேன்.

அடுத்தது பார்க்க அழகாக இருந்தது. கடைசி வரை எதுவும் கேட்கவில்லை. அறைகளின் படம், பின்னால் இருக்கிற மிளகுக் கொடி, காப்பிச் செடி பூத்த படம் எல்லாம் வைத்து முடித்தேன். ‘வெளியிடு’ என்கிற பொத்தானை அழுத்தினால் கார்டு நம்பர் கேட்கிறது. செய்வதுதான் இலவசமாம், வெளியே காட்டுவது இலவசம் இல்லையாம். மவுஸை மேசையில் அடித்தேன். அடித்த வேகத்தில் அதன் வயிறு திறந்துகொண்டது. “அது என்ன பண்ணுச்சு, பாவம்” என்று என் வீட்டுக்காரர் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

மூன்றாவதை டவுன்லோடு செய்துகொள்ளலாம், நெட் வேண்டாம். சந்தோஷமாகத் தமிழில் அடித்தேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் வெறும் வட்டம். ஏற்காடு என்று அடித்தால் பல் உடைந்தவன் வாயைத் திறந்த மாதிரி இருந்தது. அதையும் வெட்டிப் போட்டேன்.

கடைசியில் கிடைத்ததுதான் நான் தேர்ந்தெடுத்தது. பழைய எடிட்டர். அழகு என்று ஒன்றும் இல்லை, வெள்ளைத் தாள் மாதிரி திறக்கும். ஆனால் தமிழ் ஒழுங்காக உட்கார்ந்தது. நெட் இல்லாமல் வேலை செய்தது. யார் பெயரையும் என் பக்கத்தில் ஒட்டவில்லை. செய்வதெல்லாம் என் பெட்டிக்குள்ளேயே இருக்கும். முடித்த பிறகு, இலவசமாக இடம் தருகிற ஒரு தளத்துக்கு அனுப்பினால் உலகம் பார்க்கும். அனுப்புவதற்கான பாஸ்வேர்டைக்கூட அந்த எடிட்டரே ஞாபகம் வைத்துக்கொள்ளும். நான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

“இதுதாங்க நல்லது. எல்லாம் நம்ம ஊட்டுக்குள்ளயே இருக்கும். எவனும் கை வெக்க முடியாது” என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

பக்கத்தின் அடியில் எங்கள் லாட்ஜுக்கு வரும் வழி என்று போட்டு, ஓர் எச்சரிக்கையும் எழுதினேன். ஏரி முனையில் பைக்கோடு நிற்பவர்கள் லாட்ஜ் மூடிவிட்டது என்பார்கள், பாம்பு வந்தது என்பார்கள், எல்லாம் பொய், நம்பாதீர்கள், நிற்காமல் வாருங்கள். எழுதினால் மட்டும் போதுமா? எந்த இடம் என்று தெரிய வேண்டாமா? ஏரி முனைக்குப் போய்க் கடை ஓரமாக நின்று போனில் ஒரு படம் எடுத்தேன். பைக்குகள், வளைவு, பின்னால் ஏரி, ஒரு கார். காரை மறித்துக் கையை நீட்டி நிற்கிற பச்சை ஜெர்கின்.

படத்தை உள்ளே போட்டபோது அது பக்கத்தைவிடப் பெரிதாக விரிந்து நின்றது. தம்பியின் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் மேல் எனக்குக் கோபம்தான், அதற்காக ஊருக்கெல்லாம் அவன் முகத்தைக் காட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. படத்தின் மூலையைப் பிடித்து உள்பக்கம் தள்ளினால் சிறிதாகும் என்று கண்டுபிடித்தேன். தள்ளினேன். தீப்பெட்டி அளவுக்கு வந்தது. முகம் கடுகளவு. இடம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை, போதும் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த எடிட்டரில் மூலையைத் தள்ளினால் பார்வைக்குத்தான் படம் சிறிதாகும். படம் முழுசாகத்தான் மேலே போகும். போனில் இரண்டு விரலை வைத்து விரித்தால் ஜெர்கினின் ஜிப் வரை தெரியும். இது எனக்குத் தெரியாது.

பக்கம் வேலை செய்தது. கார்கள் ஏரி முனையில் நிற்காமல் நேராக வர ஆரம்பித்தன. புரோக்கர்கள் சும்மா இருக்கவில்லை. என் போர்டில் சாணி அடித்தார்கள். வாசல் விளக்கைக் கல்லால் உடைத்தார்கள். ஒரு விருந்தாளியின் கார் டயரைக் கத்தியால் கிழித்தார்கள். கிழித்தவனைத் துரத்திப் போய்க் காப்பி எஸ்டேட்டுக்குள் வைத்து மண்வெட்டிக் காம்பால் முட்டியில் போட்டேன். அவன் நொண்டிக்கொண்டு ஓடினான். எனக்குக் கொஞ்சம் குளுமையாகவே இருந்தது. என் தம்பி இதில் எதிலும் இல்லை. அவனுக்கு அப்போது பெண் அமைந்திருந்தது.

அதைச் சொல்ல வேண்டும். அவனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. எங்கள் பக்கம் அந்த வயதில் ஓர் ஆணுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று அவன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி ஏறிய எனக்குத்தான் தெரியும். “ஏற்காட்டுல புரோக்கர் வேலைங்களா?” என்று கேட்பார்கள், மோர் கொடுப்பார்கள், ஜாதகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். அவன் முன்நெற்றி ஏறிக்கொண்டே போனது. அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டான். கடைசியில் ஓமலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். பெண்ணும் இவனும் போனில் பேசிக்கொண்டார்கள். அவன் சிரித்து நான் பார்த்தது அந்த மாதத்தில்தான். அறைந்ததையெல்லாம் மறந்து, “அக்கா, அவங்களுக்கு என்ன கலர் சீலை எடுக்கறது?” என்று என்னிடம் வந்து நின்றான்.

உறுதி வார்த்தை பேசி நிச்சயம் செய்ய நாள் குறித்தாயிற்று. பெண்ணின் அப்பா, “உங்க லாட்ஜு எங்கீங்க இருக்குது?” என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. “நெட்டுலயே இருக்குதுங்க, பாருங்க” என்று பக்கத்தின் முகவரியை நானே அனுப்பிவைத்தேன்.

அவர் என்னைக் கூப்பிடவில்லை. என் தம்பியைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்.

“ஏனுங்க, ஏரிகிட்ட கைய நீட்டிட்டு நிக்கறது நீங்கதானுங்களே? அதுக்குக் கீழ எல்லாம் பொய், நம்பாதீங்கன்னு போட்டிருக்குதுங்க. கூடப்பொறந்த அக்காவே அப்படி எழுதுன பையனுக்கு நாங்க எப்படிங்க பொண்ணு குடுக்கறது?”

அவன் என் வீட்டுக்கு வந்தபோது கையில் போன் இருந்தது. இரண்டு விரலால் விரித்த படம் திரை முழுக்க இருந்தது. அவன் முகம், அவன் நீட்டிய கை, கிழிந்து ஆறிய உதடு. நடந்ததைச் சொல்லிவிட்டு, அழக்கூடச் செய்யாமல் என்னையே பார்த்தான்.

“இரு சாமி, இப்பவே எடுத்துடறேன். ஒரு நிமிசம்” என்று கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அது பழைய பெட்டி. விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் பின்னால் நின்று அந்த வட்டத்தைப் பார்த்தான். “எத்தன நேரம்?” என்றான். வருது வருது என்றேன். எத்தனை வருடம் அவன் காத்திருந்தான், அந்தக் கொஞ்ச நேரம் அவனால் காத்திருக்க முடியவில்லை. சமையல்கட்டுக்குப் போனான். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். குழவியோடு வந்தான்.

சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வீங்கிய வாயோடு தன் போனைக் காட்டினார். பக்கம் அப்படியே இருந்தது. என் அறைகள், மிளகுக் கொடி, காப்பிப் பூ, பச்சை ஜெர்கின். பெட்டி தூள்தூளாகக் கிடக்கிறது, பக்கத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகை வந்தது. என் பக்கத்தில் நான் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அந்தப் படத்தை எடுக்கிற வழி முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

மறுநாள் தம்பி வந்தான். வாசலிலேயே நின்றான்.

“அக்கா, ஒடச்சுப்போட்டனே. இன்னும் இருக்குதுக்கா.”

“இருக்கும்.”

“அவங்க அப்பா திரும்பக் கூப்புட்டாருக்கா. அந்தப் புள்ள நொம்ப அழுவுதாம். சொந்தக்காரங்க பாக்கறதுக்குள்ள படத்த எடுத்துட்டா மேக்கொண்டு பேசலாங்கறாரு. எடுத்துடுக்கா.”

அவன் என் கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் பேசினான். அவனை அடிக்க வேண்டும் என்று எனக்கு இடது கை துடித்தது. அடித்து என்ன ஆகப்போகிறது?

“நீ போட்ட குழவி அதுக்குள்ள இருந்ததையும் சேத்து நொறுக்கிருச்சு சாமி. எடுக்கற வழியும் அங்கதான் இருந்துச்சு” என்றேன்.

உடைந்த பெட்டியைச் சாக்கில் கட்டி இரண்டு பேருமாக பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வளைவிலும் உள்ளே எதுவோ சலசலத்தது. ரிப்பேர் கடைக்காரர் உள்ளிருந்து, எல்லாம் பதிந்திருக்கிற ஒரு சிறு பெட்டியைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். கண்ணாடி வளையல் உடைந்த மாதிரிச் சத்தம் வந்தது. “உள்ள இருக்கற தட்டே நொறுங்கிப்போச்சுங்க. இத எங்க கொண்டுபோனாலும் எடுக்க முடியாதுங்க” என்றார். என் தம்பி அந்தக் கடையின் இரும்பு ஷட்டரில் தன் தலையைக் கொண்டுபோய் இடித்தான். மறுபடியும் இடித்தான். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணில் இறங்கியது. நான் ஒற்றைக் கையால் அவன் முடியைப் பிடித்து இழுத்தேன். ரோட்டில் போனவர்கள் குடிகாரன் என்று விலகிப் போனார்கள்.

பாஸ்வேர்டை மறந்தால் மெயிலுக்கு அனுப்புவார்கள். அந்த மெயிலை லாட்ஜுக்காகப் புதிதாக உண்டாக்கியிருந்தேன், அதன் பாஸ்வேர்டும் பெட்டியில்தான். போன் நம்பருக்கு அனுப்புகிறோம் என்றார்கள், அது அதற்குப் பிறகு ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம். இடம் கொடுத்த தளத்துக்கு இடது கையால் எழுத்து எழுத்தாகத் தட்டிக் கெஞ்சி எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. திரும்ப எழுதினேன். அதே பதில்.

அதற்குள் படம் அந்த வீட்டுச் சொந்தக்காரர்களின் போன்களில் சுற்றிவிட்டது. பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். ஏரி முனையில் ஒருவன் இவனை “நெட்டு மாப்பிள்ளை” என்று கூப்பிட்டிருக்கிறான். இவன் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் மூக்கை உடைத்திருக்கிறான். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். அந்த நாட்களில் யாராவது யாரையாவது அடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆனால் அவன் அந்த ஜெர்கினை மாற்றவில்லை. வேறு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான்.

கட்டு இன்னும் பிரிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருந்து வாங்க ஏரிப் பக்கம் போனேன். மூட்டம் ஏரி மேலேயே உட்கார்ந்திருந்தது. வளைவில் ஒரு பெரிய கார் நின்றிருந்தது. என் தம்பி ஜன்னலோரம் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். நான் பின்னால் வருவது அவனுக்குத் தெரியாது.

“அந்த லாட்ஜுங்களா? தொறந்துதான் இருக்குதுங்க. நல்ல ஊடுங்க. மஞ்சக்குட்டை ரோட்டுல போனீங்கன்னா வலது கைப் பக்கம் போர்டு தெரியுங்க. மூட்டமா இருக்குதுங்க, நான் வேண்ணா முன்னால போறேன். எனக்கு ஒண்ணும் தர வேண்டாமுங்க.”

எனக்குக் கால் நின்றுவிட்டது. கூட்டத்தில் மற்றவர்கள் காது கேட்க அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

காரை ஓட்டிவந்த ஆள் கையில் போன் வைத்திருந்தான். போனைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். இரண்டு விரலால் விரித்து மறுபடியும் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கினான். “இவன்தான்! அதே ஜெர்கின்! ஏமாத்தறவன்னு போட்டோவே போட்டிருக்காங்க. முன்னால போறியா? எங்கடா கூட்டிட்டுப் போய் விடுவ?” என்று காலரைப் பிடித்தான். பின் சீட்டில் இருந்த பெண் இதைப் போனில் படம் பிடித்தாள். தம்பி கையை உயர்த்தவில்லை. “நெசமாத்தான் சொல்றேனுங்க” என்றான். அந்த ஆள் அவன் வாயிலேயே குத்தினான். நான் அன்றைக்குக் கிழித்த அதே இடத்தில் உதடு மறுபடி கிழிந்தது.

நான் செருப்பைக் கழற்றியது ஞாபகம் இல்லை. இடது கையால் அடித்தது ஞாபகம் இருக்கிறது. கன்னத்தில், காதில், மூக்குக் கண்ணாடி பறக்கிற மாதிரி அடித்தேன். “என்ற தம்பி மேல கை வெக்க நீ யாருடா? யாருடா நீ?” என்று கத்தினேன். அவன் கீழே விழுந்த பிறகும் அடித்தேன். கட்டுப் போட்ட கையாலும் ஓர் அடி கொடுத்தேன், வலி தோள் வரை ஏறியது, அப்போதும் விடவில்லை. அந்தப் பெண் காருக்குள் அலறினாள். புரோக்கர்கள்தான் என்னைப் பிடித்துத் தூக்கினார்கள். எவன் முட்டியில் மண்வெட்டிக் காம்பால் போட்டேனோ அவனும் அதில் இருந்தான்.

கார் திரும்பிச் சேலம் ரோட்டில் இறங்கிப் போய்விட்டது. தம்பி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இரத்தத்தைத் துப்பினான்.

“அக்கா, அவங்க உன்ற ஊட்டுக்கு வந்தவங்கக்கா. ரூமு போட்டிருந்தாங்களாம்.”

“தெரியும்.”

“அப்பறம் ஏங்க்கா அடிச்ச?”

அந்த ஆள் படித்தது என் எழுத்து. அவன் நம்பியது என்னை. இதை எப்படித் தம்பியிடம் சொல்வது? செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

இப்போது நெட்டிலேயே வேலை செய்கிற எடிட்டரில்தான் புதுப் பக்கம் வைத்திருக்கிறேன். தலையில் கம்பெனிக்காரன் பட்டை இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். எந்த போனிலிருந்தும் திறக்கலாம், எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். அதில் எச்சரிக்கை இல்லை, ஏரி முனை இல்லை. ஆனால் யாராவது எங்கள் லாட்ஜைத் தேடினால் பழைய பக்கம்தான் முதலில் வருகிறது. அதில் அவன் அப்படியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

அதனால் யார் அறை கேட்டுக் கூப்பிட்டாலும், எத்தனை பேர், எந்தக் கிழமை என்று கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்கிறேன்.

“ஏரி முனையில பச்ச ஜெர்கின் போட்ட ஒருத்தரு நிப்பாருங்க. அவரு என்ற தம்பிங்க. அவரு சொன்னா நம்பி வாங்க.”